லற்வியாவுக்குப் போன தூள்: கிளிநொச்சி மில் ஒன்றைப் பற்றி

கிளிநொச்சிச் சந்தைக்கு அண்மையிலுள்ள மில் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கறித்தூள் திரித்து வருகிறேன். கனடியத் தரைப்படையிலிருக்கும் என் பெறாமகன், ஆறு மாதப் பணிக்காக லற்வியாவுக்குப் புறப்படுமுன், "சின்னம்மா, ஒரு கிலோ தூள் மட்டும் அனுப்பிவிடுங்கோ" என்று கேட்டிராவிட்டால், அந்த மில்லின் நிறைகுறைகளை இத்தனை நுணுக்கமாகக் கவனித்திருக்க மாட்டேன்.

2017 முதல் லற்வியாவின் தலைநகரான ரீகாவுக்கு அருகிலுள்ள ஆடாஜி முகாமில் நேட்டோவின் பன்னாட்டுப் படையணியொன்றைக் கனடா வழிநடத்துகிறது. அங்கே போவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி அவன் சொல்லக் கேட்டபோது, அல்பேர்ட்டாவின் வெயின்ரைட்டில் செய்த போர்ப் பயிற்சியைவிடப் படிவங்களே அவனைக் களைப்படையச் செய்தன போலிருந்தது. மருத்துவச் சோதனை, பல் வைத்தியரின் ஒப்புதல், தடுப்பூசி, ஏதும் நேர்ந்தால் முதலில் யாருக்கு அறிவிப்பது என்ற விபரம், இவற்றோடு இறுதி விருப்பாவணமும் எழுதவேண்டியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. (ஆமி என்ற சொல் எங்கள் பக்கத்தில் எதையெல்லாம் நினைவூட்டும் என்று நான் விளக்கவேண்டியதில்லை; அவன் படையில் சேர்ந்ததை ஓராண்டுவரை அயலவருக்கு நான் சொல்லவேயில்லை.)

செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றை வீட்டிலேயே தனித்தனியாக வறுத்துக் கொண்டுபோனேன். இந்த மில்லின் பெருஞ்சிறப்பு, முன்னவர் திரித்த அரிசிமாவோ உழுந்தோ நமது தூளில் கலக்காதபடி இயந்திரத்தைத் தட்டித் துடைத்த பிறகே சரக்கைக் கொட்டுவதாகும். திரித்த தூளை உடனே பையில் அடைத்தால் சூட்டில் வியர்த்துக் கட்டிபடும் என்பதால், தாளில் பரப்பி ஆறவைத்து, அதன் பின்னரே தடித்த பொலித்தீன் பைகளில் இட்டு ஒட்டினார்கள். மற்ற மில்களில் இந்தப் பொறுமையை நான் கண்டதில்லை. காத்திருப்பதற்கு ஒரு வாங்குகூட இல்லாதது குறைதான். ஒன்றரை மணிநேரம் வேப்பமர நிழலில் நின்றேன்.

உண்மையான குறை பொதியின் மேல்தான் இருந்தது. பெயரும் இல்லை, திகதியும் இல்லை. வீட்டுக்கு என்றால் பரவாயில்லை. ஆனால், மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துப் பார்க்கும் இடத்துக்குப் போகும் ஒரு சிப்பாயின் பையில் பெயரில்லாத கபிலநிறத் தூள் இருந்தால் யார்தான் சந்தேகப்படமாட்டார்கள்? இதை முதலாளியிடம் சொன்னதும் அவர் சிரித்தார். கல்லாவில் இருந்த அவருடைய மகள் சிரிக்கவில்லை. கொப்பித் தாளைக் கிழித்து, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதித் திகதியுமிட்டு, நான்கு பைகளிலும் ஒட்டினாள். பெருஞ்சீரகத்துக்கு ஆங்கிலச் சொல் எங்கள் இருவருக்குமே உடனே வரவில்லை. அவள் தொலைபேசியில் தேடினாள்.

வெளிநாட்டுக்குத் தூள் அனுப்புவோர் இந்த மில்லைத் தயங்காமல் நாடலாம். காலை எட்டு மணிக்கு முன் போனால் கூட்டமிராது. பெயர்த்தாளை மட்டும் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள். பெறாமகன் மூன்று பைகளைத்தான் கொண்டுபோனானாம். நான்காவதை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாளாம்.