ராமேஸ்வரம் கடைத்தெருக்கள்: எங்கே வாங்கலாம், எங்கே பார்த்துவிட்டு நகரலாம்

ராமேஸ்வரம் வருகிற பலரும் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் இடையில் இருக்கிற சன்னதித் தெருவிலேயே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, கடைகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் அந்தத் தீவுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது: இந்தத் தீவில் வாங்குவதற்கு உண்மையிலேயே உருப்படியானவை பனையும் கடலும் கொடுக்கிறவை, அப்புறம் கொஞ்சம் மல்லிகை. கருப்பட்டி, ஓலைப் பெட்டி, சங்கு, கருவாடு, மல்லிகைப் பதியன். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு அல்லது ஒரு ஊர் இருக்கிறது. மற்றதெல்லாம் மதுரையிலும் கிடைக்கும், உங்கள் ஊரிலும் கிடைக்கும்.

முதலில் சன்னதித் தெரு. தீர்த்தமாடி ஈரத் துணியோடு வருகிறவர்கள், அடுத்து எந்தப் பக்கம் போவதென்று தேடுகிற வடநாட்டுக் குடும்பங்கள், நடுவில் ஆட்டோ, மாடு, தள்ளுவண்டி. இரண்டு பக்கமும் சிப்பிக் கண்ணாடி, சிப்பி விளக்கு, சோழி மாலை, சங்கு, ருத்திராட்சம், ஸ்படிகம், பிளாஸ்டிக் பொம்மை. கடைக்காரர்கள் தமிழ், இந்தி, தெலுங்கு என்று ஆளைப் பார்த்து மாற்றி மாற்றிப் பேசுவார்கள், அதைக் கேட்பதே ஒரு அனுபவம். விலையும் ஆளைப் பார்த்து மாறும் என்பதுதான் சங்கடம். ஒரே மாதிரிச் சிப்பி ஊதுபத்தி ஸ்டாண்டை நாலு கடையில் கேட்டால் நாலு விலை வரும். முதல் கடையில் வாங்காதீர்கள், கடற்கரை வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாங்குங்கள்.

சிப்பிச் சாமான் வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். சரியாகச் சுத்தம் செய்யாத சங்கின் உள் சுருளில் சதை ஒட்டிக்கொண்டிருக்கும், கடையில் ஊதுபத்தி வாசனையில் தெரியாது, காரில் மூடிவைத்து இரண்டு மணி நேரம் போனபின் தெரியும். வாய்ப்பக்கத்தை முகர்ந்து பார்த்தே வாங்குங்கள். பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னுகிறவை பெரும்பாலும் ஆசிட்டில் கழுவி மேல்தோல் எடுத்தவை. அழகுக்குச் சரி. ஆனால் பூஜைக்கோ ஊதுவதற்கோ என்றால் கனமான, பால் வெள்ளையான, கழுத்தில் விரிசல் இல்லாத பால் சங்குதான் நல்லது. ஊதுகிற சங்கு கேட்டால் கடைக்காரரையே ஊதிக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்களும் ஊதிப் பாருங்கள். இதற்குக் கோபித்துக்கொள்கிற கடையில் வாங்க வேண்டாம்.

வலம்புரிச் சங்கு விஷயத்தில் ரொம்பவே கவனம் தேவை. சங்கின் கூம்பு முனை உங்கள் பக்கமும், நீண்ட வால் எதிர்ப்பக்கமும் இருக்கும்படி பிடித்து, வாய் மேலே தெரிய வைத்தால், சாதாரணச் சங்குக்கு வாய் இடது பக்கம் இருக்கும், வலம்புரிக்கு வலது பக்கம் இருக்கும். மன்னார் வளைகுடாவில் எடுக்கிற சங்கில் அப்படி ஒன்று அமைவது மிக அரிது, அதனால்தான் அதற்கு அந்த மதிப்பு. சில நூறு ரூபாய்க்குத் தட்டு நிறைய அடுக்கி "வலம்புரி, வலம்புரி" என்று விற்கப்படுவது பெரும்பாலும் வேறு இனம், அமெரிக்கக் கடற்கரையில் கிடைக்கிற ஒரு நத்தையின் ஓடு, அந்த இனத்துக்கு இயல்பாகவே சுழி அந்தப் பக்கம்தான் இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தடிப்பாக ஓடும், விரல் விட்டால் தெரியும். அந்த அமெரிக்க ஓட்டில் மடிப்பே இருக்காது, வழவழவென்று இருக்கும், எடையும் குறைவு. வீட்டில் அம்மாவோ அத்தையோ ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் இந்த மடிப்பைத் தொட்டுப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நல்ல இடம்புரிச் சங்கு ஒன்றே போதும், கோயில்களில் ஊதுவதும் அதுதானே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை, இவற்றை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். பெரிய மட்டிச் சிப்பி, நாட்டிலஸ், ஐவிரல் சங்கில் சில வகைகள் என்று சிப்பிகளிலும் தடை உள்ளவை இருக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 1986ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள் இந்தக் கரையை ஒட்டித்தான் இருக்கின்றன, பாறை உயிரோடு இருந்தால்தான் மீன், மீன் இருந்தால்தான் இந்த ஊர்.

முத்து மாலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்தக் கடல் முத்து" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். தூத்துக்குடிப் பக்கத்தில் முறையாக முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். இப்போது கடைகளில் இருப்பது வளர்ப்பு முத்தும் பிளாஸ்டிக் மணியும்தான். ஒன்றோடு ஒன்று உரசினால் நறநறவென்று இருப்பது முத்து, வழுக்குவது மணி. வளர்ப்பு முத்து என்று சொல்லியே நியாய விலைக்குக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன, அங்கே தாராளமாக வாங்கலாம்.

சங்கிலும் சிப்பியிலும் பெயர் பொறித்துக் கொடுப்பவர்கள் கடற்கரைப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். சின்ன எழுத்து மெஷினைப் பென்சில் மாதிரிப் பிடித்து, கண் முன்னாலேயே, எந்த மொழியில் கேட்டாலும் எழுதிக் கொடுக்கிற அந்தக் கை வேலைக்காகவே நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பரிசு அந்தத் தெருவில் இல்லை. ஒன்று மட்டும்: சங்கு விலை தனியா, எழுத்துக்கூலி தனியா என்று எழுதுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். என் சித்தப்பா குடும்பத்திடம் ஒரு இடத்தில் நாலு சிப்பியிலும் எழுதி முடித்தபின் எழுத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள், பெயர் எழுதிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவா முடியும், சித்தி முகம் அன்று சாயங்காலம் வரை சரியாகவில்லை.

நாலு ரத வீதிகளில் சன்னதித் தெரு அளவுக்கு நெருக்கடி இல்லை. துணி, பாத்திரம், பூஜைச் சாமான், கங்கைத் தண்ணீர் அடைத்த சின்னச் செம்பு. காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து மணல் எடுத்துப்போய்க் கங்கையில் கரைப்பதும், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும் பழைய வழக்கம், அதனால் இந்தக் கடைகளுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது. நமக்கு அங்கே பெரிதாக வாங்க ஒன்றுமில்லை. பட்டுப்புடவை என்று ஆசை காட்டினால் மட்டும் கையை இழுத்துக்கொள்ளுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல் தெரு. கலாம் வீடு இருக்கிற தெரு. கீழே வீட்டையும் அவருடைய படங்கள், விருதுகளையும் பார்த்துவிட்டு மேலே ஏறினால் சிப்பிப் பொருள் கடை. கூட்டம் இருக்கும், ஆனால் கைபிடித்து இழுக்கிற வேலை இல்லை, பொருளை எடுத்துப் பார்க்க நேரம் கிடைக்கும். பேரம் பேசத் தயங்குகிறவர்களை நான் இங்கேதான் கூட்டிப்போவேன்.

இப்போது கருப்பட்டிக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கோயிலின் மேற்குப் பக்கம், பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில் ஊர்க்காரர்கள் வாங்குகிற மளிகைக் கடைகள் இருக்கின்றன. யாத்திரைக் கூட்டம் அங்கே நிற்பதில்லை. அங்கே கேளுங்கள்: "அண்ணே, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இருக்கா?" கேட்கிற விதத்திலேயே நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டு உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தது, அதனால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மங்கலாகக் கருஞ்சிவப்பில் இருந்தால் நல்லது. கல் உப்பு மாதிரி மினுக்கினால் சீனி கலந்திருக்கிறது. வாயில் போட்டால் இனிப்புக்கு அடியில் லேசான ஒரு கரிப்பு இருக்க வேண்டும், கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரின் ருசி அது. வெறும் இனிப்பாக இருந்தால் வேண்டாம். விலை மட்டும் ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து ஒரு மனிதர் அத்தனை மரம் ஏறி இறங்கிய கூலி அதற்குள் இருக்கிறது, அது வெல்லத்தைவிட மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரை பதநீர்க் காலம், அப்போது வந்தால் புதுக் கருப்பட்டி. மழைக்காலத்தில் வாங்கினால் கசியும், ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஓலைப்பெட்டி என்றதும், அதையும் வாங்கிவிடுங்கள். கொட்டான், விசிறி, சொளகு, மூடி போட்ட பெட்டி, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை. இந்தக் கரையில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடைகிறார்கள், சாயம் தோய்த்த ஓலையும் இயல்பான ஓலையும் மாற்றி மாற்றிப் பின்னிய பெட்டிகளைப் பார்த்தால் விடவே மனசு வராது. வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள், நல்ல பெட்டியில் விளிம்பு மடித்துக் கட்டியிருக்கும், வெட்டி விட்டிருக்காது. இதில் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் போன ஊர், இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருப்பதால் எல்லோரும் போகிறார்கள். இடிந்த தேவாலயத்தைச் சுற்றி ஓலைக் கொட்டகைகளில் சிப்பி மாலை, சங்கு வளையல், சோழி. பொருள் சன்னதித் தெருவில் இருப்பதுதான், ரகம் குறைவு. ஆனாலும் நான் அங்கே ஏதாவது வாங்காமல் வரமாட்டேன். விற்கிறவர்கள் அந்த மணலிலேயே இருக்கிற மீனவக் குடும்பங்கள், நல்ல தண்ணீருக்கு இன்னும் மணலில் ஊற்றுத் தோண்டுகிறவர்கள், நீங்கள் கொடுக்கிற ஐம்பது ரூபாய் நேராக அவர்கள் கைக்குப் போகிறது. பக்கத்துக் கொட்டகையில் மீன் வறுவல் சாப்பிடலாம், மீனைக் காட்டி விலை கேட்டு, அப்புறம் வறுக்கச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தைப் பலர் காரில் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நில்லுங்கள். ராமநாதபுரம் குண்டுமல்லிப் பதியன் இங்கிருந்துதான் வெளியூர்களுக்கெல்லாம் போகிறது, தீவின் மணல்பாங்கான மண்ணில் வேர் நன்றாகப் பிடிக்கிறது. சாலையோர நாற்றங்காலிலேயே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ஈரச் சாக்கில் சுற்றித் தருவார்கள், வீட்டுக்குப் போனதும் நட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் பூக்கிறது இந்த மல்லிதான்.

கருவாட்டுக்குப் பாம்பன். கோயில் பக்கம் பொட்டலம் கட்டி விற்கிறதை வாங்க வேண்டாம், எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாது. பாம்பனில் காயப்போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். நெத்திலி வெள்ளி நிறமாக, ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் காயவில்லை, மஞ்சள் பாரித்திருந்தால் பழசு. சீலா, பாறை மாதிரிப் பெரிய கருவாட்டில் நடு முள்ளுக்குப் பக்கம் அழுத்திப் பாருங்கள், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். "அக்கா, உப்பு கம்மியா இருக்கிறது எது?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்த 61 நாளில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான், கருவாடு விலை ஏறியிருக்கும்.

எப்போது போகலாம்? ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் கடைவீதிக்காகப் போகவே போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் வர ஆரம்பித்ததிலிருந்து வெளியூர் ஆட்களுக்கு வசதி. சாதாரண நாளில் மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும்போது தெரு காலியாக இருக்கும், வெயில் தாங்குமானால் பொறுமையாக விலை கேட்க அதுதான் நேரம்.

புடவை விஷயம். மதுரைச் சாலையில் திரும்புகிறவர்கள் பரமக்குடியில் இறங்குங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எமனேஸ்வரம், இரண்டு ஊரிலும் கைத்தறி நெசவாளர்கள் இருக்கிறார்கள், தீவில் கேட்கிற விலைக்கு அங்கே தறியில் நெய்ததே கிடைக்கும். தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் கீழக்கரையில் தொதல் வாங்குங்கள், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய கறுப்புத் தொதல். முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மீன்குழம்பு வைக்கிற வீடென்றால் ராமநாதபுரத்தில் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கருவாட்டை மட்டும் மிளகாயோடும் தொதலோடும் ஒரே பையில் வைக்க வேண்டாம், தனியாகச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே சாக்குப் பை போட்டுக் கட்டிவிடுங்கள்.