செங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு: ஏழு வருஷம் குடியிருந்த பிறகு

2018 பங்குனியில் பார்த்து, வைகாசியில் பத்திரம் முடித்து, ஆனி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிவந்தோம். செங்கோட்டையில் பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. திண்ணை, தார்சா என்கிற முன்கூடம், நடுவில் சின்ன முற்றம், அடுக்களை, கடைசியில் கிணறும் புறவாசலும் என்று ரயில் பெட்டி மாதிரி நீளம். வயது எண்பதைத் தாண்டும். தென்காசி, புளியரைப் பக்கம் பழைய வீடு தேடுகிறவர்கள் என்னிடம் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இது.

பார்க்க வந்த அன்று நல்ல வெயில். சுவரெல்லாம் வெளிர்மஞ்சள் பெயிண்ட், தார்சாவில் புது டைல்ஸ், முற்றத்தைச் சுற்றி இடுப்பளவுக்குப் புதிய சிமெண்ட் பூச்சு. எதிர்த்த வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கப் போறியளா தம்பி? சாரல்ல ஒருக்க வந்து பாத்துட்டு வாங்குங்க. வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான்" என்றார். அதற்குள் வேறு யாராவது முன்பணம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்கு. சிரித்து வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

ஆனி, ஆடியில் மதுரைப் பக்கம் வெயில் கொளுத்தும்போது இங்கே ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று புகுந்து சாரல் அடிக்கும். கொட்டித் தீர்க்கிற மழை இல்லை, நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சொர்க்கம்தான். சுவருக்கு அப்படி இல்லை. குடிவந்த இருபதாம் நாள், தார்சாவின் மேற்குச் சுவரில் பெயிண்ட் பொரித்த அப்பளம் போல உப்பி நின்றது. விரலால் தொட்டேன், உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு. சிமெண்ட் பூச்சு எங்கே முடிகிறதோ அதற்குச் சரியாக ஒரு சாண் மேலே, கோடு போட்டது போல நாலு சுவரிலும் அதே கறை.

கூட்டிவந்த கொத்தனார் பார்த்ததுமே, "ஓதம் ஏறுது. சிமெண்ட வச்சு மூடிட்டாங்க" என்றார். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அந்தக் காலத்தில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்க எதுவும் போடுவதில்லை. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்து போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வெளியேற வழி அடைபட்டு, இன்னும் மேலே ஏறி, இடம் கிடைத்த இடத்தில் உப்பாகப் பூக்கும். மூன்று வருஷம் நாங்கள் அதன்மேல் ஈரத்தடுப்பு பெயிண்ட் பூசிப் பூசிக் காசைக் கரைத்தோம். நாலாவது வருஷம்தான் சிமெண்டை முழுக்க உடைத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பழையபடி பூசினோம். அதற்கு ஆள் கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது. இப்போதும் ஆடியில் சுவர் கொஞ்சம் கறுக்கும், தையில் தானாக வெளுத்துவிடும். இந்த வீட்டில் எங்களைப் படுத்தியதெல்லாம் விற்பதற்காகப் புதிதாகச் செய்த வேலைகள்தான். பழசு பழசாகவே நின்றுகொண்டிருந்தது.

மரம் விஷயத்தில் மட்டும் வாங்குமுன்பே புத்தியாக இருந்தேன். ஒரு ஆசாரியைக் கூட்டிப்போனேன். நான் ஓட்டைத் தாங்குகிற கைமரங்களின் நடுவில் கரையான் மண் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஏணியைச் சுவரோரம் சாய்த்து ஏறினார். "நடுவுல பாக்காதிய அண்ணாச்சி. மரம் சுவத்துக்குள்ள போற முனையைப் பாக்கணும். அங்கதான் ஈரம் நிக்கும்" என்று திருப்புளியால் ஒவ்வொரு முனையையும் குத்திக்கொண்டே வந்தார். டொக், டொக் என்று தேக்கு பதில் சொன்னது. அடுக்களைப் பக்கம் இரண்டு மரத்தில் மட்டும் சத்தமே இல்லை, வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவது போலத் திருப்புளி பாதிவரை உள்ளே போய்விட்டது. அந்த இரண்டு மரத்தைச் சொல்லித்தான் விலையில் முப்பதாயிரம் குறைத்தோம்.

அப்புறம் பத்திரம். செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அதனால் மூலப்பத்திரத்தில் கொல்லம் ஆண்டு 1119 தை மாதம் என்று இருந்தது. 825 கூட்டினால் 1944 ஜனவரி வரும். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் வரைக்கும் என்றால் 824தான் கூட்டவேண்டும். சொத்தின்மேல் என்னென்ன பதிவு நடந்தது என்று காட்டுகிற வில்லங்கச் சான்று அப்போது கணினியில் பிந்தைய வருஷங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது, அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப்போட்டுத் தேடச் சொல்லவேண்டியிருந்தது. தேடியதில் கேரளத்துப் புனலூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகளின் பங்கு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. விற்கிறவர், "அக்கா ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார். கேட்கமாட்டார்தான், அவர் பிள்ளைகள் கேட்பார்களே! நானே அவரோடு புனலூர் போய், அந்த அம்மாள் கையால் சாயாவும் குடித்து, பத்திரத்தன்று வந்து கையெழுத்துப் போடச் சம்மதம் வாங்கி வந்தேன். செலவு அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள், கூடவே அரசு இடத்துக்கு வைக்கிற வழிகாட்டி மதிப்பை ஏற்றியும்விட்டார்கள். கடன் கேட்ட வங்கியில் மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டார்கள். ஓட்டுக் கட்டடத்துக்குச் சுழியம்.

டேப் பிடித்து அளந்தது நல்லதாகப் போயிற்று. பத்திரத்தில் இரண்டரை சென்ட், அதாவது 1,089 சதுர அடி. இடத்தில் 15 அடிக்கு 70 அடி, 1,050தான் வந்தது. மீதி 39 சதுர அடியின்மேல் பின்வீட்டுக்காரரின் குளியலறை நிற்கிறது. சண்டை போடவில்லை, விலையில் கழித்துக்கொண்டோம்.

ஆனால் அதே பத்திரத்தில் 'வடக்குச் சுவர் பொது' என்று ஒரு வரி இருந்ததைப் படித்தும் யோசிக்கவில்லை. 2022-ல் வடக்கு வீட்டுக்காரர் இடித்துவிட்டு மாடி கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோதுதான் உறைத்தது. எங்கள் உத்திரங்களின் ஒரு முனை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அவரும் நல்ல மனுஷர். எங்கள் பக்கம் ஐந்து தூண் எழுப்பி, இரும்புச் சட்டம் கொடுத்து உத்திரங்களைத் தாங்கவைத்த பிறகே சுவரில் கைவைத்தார். செலவில் பாதி எங்களுடையது. 15 அடி அகல வீட்டில் தூணுக்கு ஓரடி போனால் எவ்வளவு தெரியுமா? தார்சாவில் கட்டில் இப்போது குறுக்கே போடமுடியாது.

வயரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எர்த்தே இல்லை, முழுக்க மாற்றினோம், முடிந்தது.

செப்டிக் டேங்க் கதையை மட்டும் சொல்லாமல் இருக்கமுடியாது. இந்தத் தெரு வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் சந்து இருந்தது, இப்போது ஆளாளுக்குக் கட்டி அடைத்துவிட்டார்கள். டேங்க் புறவாசலில். லாரி நிற்கும் இடம் முன்வாசல். ஆகவே ஹோஸ் குழாய் திண்ணையில் ஏறி, தார்சா, முற்றம், அடுக்களை எல்லாவற்றையும் கடந்து 70 அடி போகவேண்டும். முதல் தடவை சாமி படத்துக்குத் திரை போட்டுவிட்டு, மனைவி குழந்தைகளோடு குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டாள். நடுவில் இணைப்பு ஒன்று கசிந்தது. அதற்கு மேல் வேண்டாம். வாங்கப்போகிற வீட்டில் டேங்க் எங்கே, லாரி எங்கே நிற்கும் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தெருவைப் பற்றி. பகலில் மூன்று முறை வந்து பார்த்தோம், ராத்திரி ஒருமுறைகூட வரவில்லை. கொல்லம் போகிற நெடுஞ்சாலையில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை நோக்கி இரவெல்லாம் போகும். இரண்டு தெரு தள்ளியிருந்தும் ஓடு அதிரும். ஆறு மாதத்தில் பழகிவிட்டது, ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்குத்தான் தூக்கம் கெடும். குற்றால சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் தென்காசிக்கு அவசரமாகப் போகவேண்டியிருந்தால் பைக்தான் சரி.

இன்னொன்று, தெருவில் பாதி வீட்டு முற்றத்தில் இரும்புக் கம்பி வலை போட்டிருந்தார்கள். திருடன் பயம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். குரங்குக்காக என்று குடிவந்த பிறகுதான் தெரிந்தது. கூட்டமாக வந்து ஓட்டைத் தூக்கிப் பார்க்கும், தோன்றினால் கீழே போடும். வருஷத்துக்கு முப்பது ஓடாவது மாற்றுகிறோம். எங்களுடையது அடியில் கொல்லம் முத்திரை குத்திய பழைய ஓடு, 1904-லேயே வந்துவிட்ட கொல்லம் ரயிலில் வந்திறங்கியிருக்கும் என்பார்கள். புதிதாக வருகிற ஓடு அந்தக் காடியில் சரியாக உட்காராது. வடக்கு வீட்டை இடித்தபோது அதே முத்திரை ஓடு நானூறை அவரே எங்களுக்குக் கொடுத்தார். கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். போன வாரம் எண்ணினேன், இன்னும் 310 இருக்கிறது.