கொல்லையில் கோழி, மாடியில் வான்கோழி: ஐந்தாண்டு வளர்த்துப் பார்த்த கதை

சென்னை கொரட்டூரில் எங்கள் வீட்டுக் கொல்லை இருபதடிக்குப் பன்னிரண்டடி. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துவைகல், மூலையில் பழைய தண்ணீர்த் தொட்டி. அந்த இடத்தில் 2021 தை மாதம் சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழி வகையில் எட்டுக் குஞ்சுகளை விட்டேன். மறு ஆண்டு ஆறு வான்கோழிக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. “கோழி வளர்க்கலாமா, கூடவே வான்கோழியும் விடலாமா?” என்று கேட்காத உறவினர் இல்லை. முதல் கேள்விக்கு, தாராளமாக. இரண்டாவது கேள்வியில் ‘கூடவே’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேளுங்கள் என்பேன்.

கோழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவே அதன் பெருமை. குருணை, கம்பு, காய்கறித் தோல், கொல்லையில் கிளறியெடுத்த பூச்சி என்று தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு சிறுவிடையிடம் ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைக்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சேவல் விடியற்காலை நான்கு மணிக்கே கூவும். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் வாரமே மதில் மேல் எட்டிப் பார்த்து, “தம்பி, நான் ஓய்வு பெற்றவன், எனக்கு எதற்கு அலாரம்?” என்றார். சேவல் திருவள்ளூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டது. குஞ்சு வேண்டும்போது அங்கிருந்து முட்டை வாங்கி வந்து அடை வைக்கிறேன்.

பூனை, காகம் எல்லாம் எதிர்பார்த்த எதிரிகள். நான் எதிர்பாராதது பெருச்சாளி. இரண்டே இரவில் நான்கு குஞ்சுகள் போயின. கூண்டின் கதவு பூட்டியபடியே இருந்தது. அது மண்ணைக் குடைந்து அடியிலிருந்து ஏறியிருக்கிறது. அதன்பின் கூண்டுக்கு அடியில் கடப்பைக் கல் பாவி, சுற்றிலும் அரை அங்குலக் கண் கொண்ட கம்பி வலையை ஓரடி ஆழம் புதைத்தேன். கோழி வலை என்று கடையில் தரும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். எலி உள்ளே வருவதைத் தடுக்காது.

கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் தொற்றுநோய் வெள்ளைக் கழிச்சல். அதன் தடுப்பு மருந்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஆனால் எனக்குக் கிடைத்த மிகச் சிறிய குப்பியே நூறு பறவைகளுக்கானது. கலக்கிய மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். பத்துக் கோழிக்காக நூறு பேருக்கான மருந்தைத் திறந்து வீணாக்க மனம் வராது. ஐஸ் போட்ட தூக்குச்சட்டியோடு தெருவில் கோழி வைத்திருக்கும் மற்ற மூன்று வீடுகளுக்கும் நடப்பேன். அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பக்கத்து வீட்டில் கழிச்சல் வந்தால் மதில் அதைத் தடுக்காது.

இனி வான்கோழி. பள்ளிப் பாட்டில் மயிலைப் பார்த்து ஆடியதாகப் பழி சுமக்கும் பறவை. உண்மையில் அது யாரைப் பார்த்தும் ஆடவில்லை. ஆண் பறவை வாலை விரிப்பதும், தலை சிவப்பிலிருந்து நீலத்துக்கும் வெளுப்புக்கும் மாறுவதும், மூக்கின் மேல் தொங்கும் சதை நீள்வதும் முழுக்க அதன் சொந்தச் சரக்கு. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பதில் கூவும்.

ஆனால் குஞ்சாக இருக்கும்போது இதைப்போல் அசட்டுப் பறவை வேறு இல்லை. கோழிக்குஞ்சு முதல் நாளே தீவனத்தைக் கொத்தும். வான்கோழிக் குஞ்சோ தட்டு நிறையத் தீனியை வைத்துக்கொண்டு பட்டினியால் சாகும். ஆறில் இரண்டு அப்படித்தான் முதல் வாரத்திலேயே போயின. பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொன்ன யோசனைப்படி இரண்டு கோழிக்குஞ்சுகளை உள்ளே விட்டேன். அவை கொத்துவதைப் பார்த்து இவையும் கொத்தக் கற்றுக்கொண்டன. இன்னொரு பிழையும் செய்திருந்தேன். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே போட்டேன். வான்கோழிக் குஞ்சுக்குத் தொடக்கத்தில் 28 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் அதற்கென்று தீவனம் இல்லை. அவித்த முட்டையைப் பொடித்தும், அசோலா என்ற மிதக்கும் நீர்த்தாவரத்தை வளர்த்துப் போட்டும் ஈடுகட்டினேன். ஆறு வாரம் தாண்டிய பிறகு மழையோ வெயிலோ கவலையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி நான்கையும் கோழிகளோடு கொல்லையில் விட்டேன்.

2022 செப்டம்பரில், மழைக்குப் பின் ஒரு காலை, ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. எச்சம் கந்தக மஞ்சளாக இருந்தது. மூன்றாம் நாள் இறந்தது, அடுத்த வாரம் இன்னொன்று. கோழிகள் அத்தனையும் கொழுகொழுவென்று கிளறிக்கொண்டிருந்தன. இரண்டாவது உடலை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். கல்லீரலில் குழிந்த வட்ட வட்டத் தழும்புகள், குருட்டுக்குடலில் பாலாடை போல் இறுகிய அடைப்பு. கருந்தலை நோய் என்றார்கள். பெயர்தான் அப்படி, என் பறவைகளின் தலை கறுக்கவே இல்லை. நோய்க் கிருமி கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் ஒளிந்து வெளியே வருகிறது. மண்ணில் அந்த முட்டை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண்புழு அதை விழுங்கும். மண்புழுவை வான்கோழி விழுங்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தீனி கொத்தக் கற்றுத்தந்த ஆசான் இனமே நோயையும் தந்திருக்கிறது.

மிஞ்சிய சோடியைத் தடுப்பு கட்டிக் கொல்லையின் பாதியில் வைத்தேன். மழைநீர் தடுப்பைக் கேட்டா ஓடுகிறது? ஒரு முடிவும் எடுக்காமல் ஓராண்டு ஓட்டினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எனக்காக முடிவெடுத்தது. கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். கோழிகளைக் காய்கறிக் கூடைகளில் அள்ளினோம். ஆறு கிலோ ஆண் வான்கோழியை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேற, அது என் முகத்தில் இறக்கையால் அறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் வடிந்ததும் கோழிகள் இறங்கின. வான்கோழிகளை நான் இறக்கவில்லை. மாடியில் மண் இல்லை, மண்புழு இல்லை, பெருச்சாளியும் இல்லை.

மாடியின் குறை வெயில். கத்திரியில் சிமெண்டுத் தரை கொதிக்கும். கீற்றுக் கொட்டகை, மேலே நிழல்வலை, தரையில் அரையடி உமி, நண்பகலில் ஈரச் சாக்கு. தீனியை விடியற்காலையும் அந்தியும் மட்டும் போடுகிறேன். செரிமானமே உடம்பில் சூடேற்றும். ஒரு பக்கத்து இறக்கைச் சிறகுகளை வெட்டாவிட்டால் எதிர்வீட்டு மாடியில் போய் நிற்கும். காலையில் முதலில் மாடி வேலை, பிறகுதான் கொல்லை. இரண்டுக்கும் செருப்பு தனித்தனி. வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதன்பிறகு ஒரு வான்கோழிகூடச் சாகவில்லை.

லாபம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: கோழி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது, வான்கோழி என் பையிலிருந்து தின்கிறது.

பெட்டை வான்கோழி இந்த முறை இட்ட முட்டைகளில் உட்காரவில்லை. கீழே ஒரு சிறுவிடை அடைக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் புழு மருந்து கொடுத்து, பத்து நாள் தனியே வைத்து, மாடியில் ஒரு மூலையில் ஐந்து வான்கோழி முட்டைகளின் மேல் உட்காரவைத்தேன். ஆபத்து முழுக்க நீங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறக்கும் குஞ்சுகளுக்குக் கொத்தக் கற்றுத்தர வேறு ஆளும் இல்லை. கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். இருபத்தொன்று முடிந்ததும் எழுந்துவிடுமோ என்று பயந்தேன். இன்று இருபத்து மூன்றாம் நாள். கையை அருகில் கொண்டுபோனால் இன்னும் கொத்துகிறது.