கியர் இறக்கும்போது: கிளட்சை மெல்ல விடுவதா, ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிடுவதா?

டெல்டாவில் கார் ஓட்டுபவருக்குக் கியரை இறக்கும் வேலை ஓயாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். தை, மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் வைக்கோல் டிராக்டர் முன்னால் போகும்.

வண்டி குலுங்காமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு வர இரண்டு வழிகள். டிரைவிங் ஸ்கூலில் பழக்குவது ஒன்று: கியரை மாற்றிவிட்டுக் கிளட்சை மெல்ல மெல்ல விடுவது. இன்னொன்று, கிளட்ச் மிதியில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி, இன்ஜின் வேகத்தை ஏற்றிவிட்டுக் கிளட்சை விடுவது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து நான் தட்டும் முறைக்கு வந்துவிட்டேன்.

முதல் வழி சுலபம். கும்பகோணம் கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது அதுவே போதும்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் பிளேட்தான். சின்ன பெட்ரோல் கார் மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று சுற்றும். அதே வேகத்துக்கு இரண்டாம் கியரில் 3000 வேண்டும். ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்ததும் சுற்று விழத் தொடங்கிவிடும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ, கியர்களின் வேகத்தை மட்டுமே சமப்படுத்தும். இன்ஜினை 3000-க்கு இழுத்து வருவது கிளட்ச் பிளேட்தான், அதுவும் உரசி உரசி. எவ்வளவு மெதுவாக விடுகிறோமோ அவ்வளவு நேரம் உரசல், அவ்வளவு சூடு. பிரேக் பேட் தேய்ந்தால் சக்கரத்தைக் கழற்றி மாற்றிவிடலாம். கிளட்ச் பிளேட்டுக்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கையோடு கிளட்சின் மற்ற பாகங்களான பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் மாற்றச் சொல்வார்கள், செலவு அங்கேதான் ஏறும்.

பழகுவதற்கு ஆளில்லாத ஆற்றங்கரை ரோடு நல்லது. பிரேக்கில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காலை எடுங்கள். கிளட்ச், இரண்டாம் கியர், சின்னதாக ஒரு தட்டு, உடனே கிளட்சை விடுங்கள். வண்டி முன்பக்கம் அமுங்கினால் தட்டியது போதவில்லை, முன்னால் பாய்ந்தால் அதிகம். மீட்டரைப் பார்க்காமல் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பழகினால் கை சீக்கிரம் படியும்.

டீசல் கார் நான் அதிகம் ஓட்டியதில்லை. ஓட்டிய அளவில், தட்டிய பிறகு சுற்று ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அதற்குத் தகுந்தபடி பொறுத்துத்தான் கிளட்சை விட வேண்டியிருந்தது. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே காலால் மிதிக்கும் பந்தயக்காரர் வித்தை நம் ரோட்டுக்குத் தேவையே இல்லை. பழைய லாரிக்காரர்கள் சொல்லும் டபுள் கிளட்சும், அதாவது ஒரு கியர் மாற்றக் கிளட்சை இரண்டு முறை மிதிப்பதும், சின்க்ரோ உள்ள காருக்கு வேண்டாம்.

அப்புறம், ஓடும் வண்டியில் முதல் கியருக்கு இப்படி இறக்கப் பார்க்காதீர்கள். வண்டி ஏறக்குறைய நிற்கும்வரை இரண்டிலேயே விடுங்கள்.