டிவைஸ் ட்ரீயா, ஏசிபிஐயா: ரிப்பேர் பார்க்கிறவன் கணக்கு

காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்கு வெப்பநிலையைப் பதிவு செய்யும் பெட்டி தேவைப்பட்டது. மினி பிசியா, ஆர்ம் போர்டா என்று யோசித்தபோது விலை பெரிதாக இடிக்கவில்லை. போர்டில் என்னென்ன இருக்கிறது என்பதை ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு) எப்படிச் சொல்கிறது என்பதுதான் இடித்தது. நான் எடுத்தது ஆர்ம், அதாவது பாகங்களைப் பட்டியலாக எழுதிக் கொடுக்கும் டிவைஸ் ட்ரீ. இன்றைக்கும் அந்தக் கட்சிதான்.

யுஎஸ்பியில் செருகியது தானே பேர் சொல்லிவிடும். ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில் தொங்கும் சிப் வாயே திறக்காது. அதற்காகத்தான் ஆர்ம் போர்டில் டிவைஸ் ட்ரீ, பிசியில் ஏசிபிஐ என்ற இந்த இரண்டு ஏற்பாடும்.

ஏசிபிஐ 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்தது. அட்டவணைகளோடு, கெர்னலுக்குள் ஓடும் ஏஎம்எல் என்ற நிரலும் வரும். பேட்டரி, ஃபேன், லேப்டாப் மூடி எல்லாம் அதன் பொறுப்பு. ஒரே பென்டிரைவ் கண்ட பிசியிலும் பூட் ஆவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. லேப்டாப்புக்கு வேறு பேச்சே வேண்டாம்.

என் கவலை பராமரிப்பு. கடற்கரை உப்புக்காற்றில் முதலில் போவது சின்னச் சின்ன மாட்யூல்கள்தான். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போய், கையில் பிசிஎஃப்8563 என்ற வேறு கடிகாரச் சிப் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். டிவைஸ் ட்ரீயின் உரை வடிவமான டிடிஎஸ் கோப்பைத் திறந்து, கம்பாட்டிபிள் வரியில் சிப்பின் பேரையும், ரெக் வரியில் முகவரியையும் (ஹெக்ஸ் 68 போய் 51) மாற்றினால் போதும். நோடின் (அந்தச் சிப்புக்கான பகுதியின்) பேரில் இருக்கும் எண்ணையும் மாற்றிவிட்டால், கம்பைல் செய்யும் கருவியான டிடிசி முணுமுணுக்காது. கம்பைல் செய்து எஸ்டி கார்டில் போட்டு ரீபூட்.

இதே தகவல் பிசியில் அதன் ஃபர்ம்வேரான பயாஸுக்குள் டிஎஸ்டிடி என்ற ஏசிபிஐ அட்டவணையாக உட்கார்ந்திருக்கும். அதை வெளியே எடுத்து, ஐஏஎஸ்எல் என்ற கருவியை வைத்துப் பிரித்து, திருத்தி, இனிட்ஆர்டி (பூட் ஆகும்போது கெர்னலோடு ஏறும் கோப்புத் தொகுப்பு) வழியாக ஏற்றலாம்தான். ஆனால் கையெழுத்திட்ட நிரலை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் போட்டிருந்தால் பெரும்பாலும் கெர்னல் ஏற்றுக்கொள்ளாது. பயாஸ் அப்டேட் வந்தால் நம் திருத்தம் பழைய அட்டவணையின் மேல் நிற்கும். போதாக்குறைக்கு, பல பயாஸ்கள் விண்டோஸில் மட்டுமே சோதிக்கப்படுவதால், “நீ யார்?” என்று ஏஎம்எல் கேட்டால் லினக்ஸும் “விண்டோஸ்” என்றே பதில் சொல்கிறது!

டிவைஸ் ட்ரீயிலும் தலைவலி உண்டு. போர்டு தயாரிப்பாளர் தன் பழைய கெர்னலுக்கென்று எழுதிய டிடிபி (கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீ), புதுக் கெர்னலில் ஏதாவது ஒரு சாதனத்தைக் காணாமல் அடிக்கும். அதனால் கெர்னலையும் டிடிஎஸ்ஸையும் ஜோடியாகவே கிட்டில் வைக்கிறேன்.

சர்வர் பக்கம் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஒரே இமேஜ் பல கம்பெனி மெஷின்களில் ஓட வேண்டிய இடம் அது. ஆர்ம் சர்வர்களும் ஏசிபிஐ பக்கம் போனதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. லினக்ஸில் அதற்கான ஆதரவு 2015இல், 4.1 பதிப்பில் வந்தது.

போர்டு வாங்கும்போது டிடிஎஸ் மூலக்கோப்பு தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டிடிபியை டிடிசியே திரும்ப உரையாக்கித் தரும், ஆனால் கமென்ட் ஒன்றுகூட மிஞ்சாது. எந்தப் பின் (சிப்பின் கால்) எதற்கு என்று வெறும் எண்களை வைத்துத் துழாவ வேண்டும்.