பேனர் பக்கமா, தட்டுத் தொட்டி பக்கமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன தேவாலயம் எங்களுடையது. உதவி செய்வதில் இங்கே இரண்டு வழி.

ஒன்று: 10 கிலோ அரிசி மூட்டை, பின்னால் பேனர், வாங்கும் பாட்டியோடு படம், சாயங்காலத்துக்குள் ஃபேஸ்புக்கில். சும்மா குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்துத்தான் கோலாலம்பூரிலிருந்து அடுத்த மூட்டைக்கு வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. ஆனால் பாட்டி முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்திருப்பதும் அதே படத்தில் தெரிகிறது.

இன்னொன்று: ஞாயிறு பசியாறி முடிந்ததும் பின்பக்கம் ஓர் அண்ணன் தட்டு கழுவுவார். முழங்கை வரை நுரை. “விடுங்கண்ணே, நான் பார்க்கிறேன்” என்றால், “நீ துடை தம்பி” என்று துணியை நீட்டுவார்.

பைபிளில், யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அன்று அது வேலைக்காரர் வேலை. சீடர் பேதுரு கூசிப்போய்த் தடுத்தார். 2013-இல் போப் பிரான்சிஸ் ரோமின் சிறார் சிறையில் 12 பேருக்கு அதைச் செய்த படத்தை உலகமே பார்த்தது. அதனால் கேமராவை மட்டும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால், படத்தில் மூட்டை போதும், பாட்டி வேண்டாம். அப்புறம், வரும் ஞாயிறும் தட்டு கழுவ ஆள் குறைவு.