வங்கதேச இ-பாஸ்போர்ட்: நீங்கித் திரும்பிய ஒரு வரி

2020 ஜனவரியில் வந்த இந்த இ-பாஸ்போர்ட் தரத்தில் குறை சொல்ல முடியாதது. விண்ணப்பிக்கும்போது பத்து விரல் ரேகையும் கருவிழியும் பதிவாகின்றன. 48 பக்கம், 10 ஆண்டுக்குச் சாதாரணக் கட்டணம் 5,750 டாக்கா. 18 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் 5 ஆண்டுப் புத்தகம்தான். பெயர் தேசிய அடையாள அட்டையோடு எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

ஆனால் பேச வேண்டியது, இந்தப் பாஸ்போர்ட் ‘இஸ்ரேல் தவிர அனைத்து நாடுகளுக்கும்’ செல்லும் என்று பழைய பாஸ்போர்ட்டில் இருந்த வரியைத்தான். இ-பாஸ்போர்ட்டில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 2021 மே மாதம், காசாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில், விஷயம் வெடித்தது. சர்வதேசத் தரத்துக்காக எடுத்தோம், இஸ்ரேலுக்கான பயணத் தடை அப்படியேதான் இருக்கிறது என்றது அரசு. தடை இருக்க வரியை மட்டும் மறைப்பது மக்களுக்கும் பாலஸ்தீனத்துக்கும் நேர்மையல்ல. 2025 ஏப்ரலில் அதைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது சரியான முடிவு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களை வங்கதேசத்துக்குத் துரத்திய மியான்மருக்கு இப்படியொரு வரி கிடையாது. அது எல்லை நாடு. அகதிகளைத் திருப்பி அனுப்ப அதனிடம்தான் பேசியாக வேண்டும். மார்க்கப் பற்று நாட்டு நலனுக்கு வழிவிட்ட இடம் இது.

வரி இல்லாத புத்தகம் வைத்திருப்பவர்கள் அதை நம்பி டெல் அவிவ் டிக்கெட் எடுக்காதீர்கள். தடை உங்களுக்கும் உண்டு.